அஞ்சற்பெட்டியைப் பெயர்த்தெடுத்தல்

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினியை விட்டுப் புதியதற்கு மாறுகிறவர்கள் முதலில் 'மை டாக்குமென்ட்ஸ்' கோப்புறையைப் பென்டிரைவில் போட்டுக்கொள்வார்கள். பிறகு டெஸ்க்டாப்பில் கிடப்பவை, புகைப்படங்கள், பாட்டுகள். எல்லாம் எடுத்தாயிற்று என்ற நிம்மதியில் பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்வார்கள், அல்லது கணினியையே எடைக்குப் போட்டுவிடுவார்கள். பத்தாண்டு மின்னஞ்சலும் அதோடு போயிற்று என்பது, என்றோ வந்த ஒரு கடிதத்தைத் தேடும் நாளில்தான் தெரியவரும்.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. எக்ஸ்பியோடு வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் தன் கடிதங்களை மை டாக்குமென்ட்ஸில் வைப்பதில்லை. சி டிரைவில் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்', அதற்குள் பயனர் பெயர், அதற்குள் 'லோக்கல் செட்டிங்ஸ்', அதற்குள் 'அப்ளிகேஷன் டேட்டா', அதற்குள் 'ஐடென்டிட்டீஸ்', அதற்குள் நெளிவு அடைப்புக்குள் எண்ணும் எழுத்துமாக நீளும் ஒரு பெயர், அதற்குள் 'மைக்ரோசாஃப்ட்', கடைசியில் 'அவுட்லுக் எக்ஸ்பிரஸ்'. இந்த வரிசையில் 'லோக்கல் செட்டிங்ஸ்' மறைக்கப்பட்ட கோப்புறை. மறைந்திருப்பவற்றையும் காட்டு என்று அமைப்பை மாற்றினாலொழிய விண்டோஸ் அதைக் கண்ணில் காட்டாது. பயனர் தெரியாமல் கைவைத்துக் கெடுத்துவிடக் கூடாது என்பது வடிவமைத்தவர்களின் அக்கறை. ஆள் வைத்திருப்பவற்றிலேயே அருமையான பொருளை ஆளுக்கே தெரியாத இடத்தில் வைத்ததுதான் அந்த அக்கறையின் பலன்.

அந்தக் கோப்புறையைக் கண்டுபிடித்தாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கும். முகவரிப் புத்தகம் வேறொரு கோப்புறையில் தனிக் கோப்பாக இருக்கும். கணக்கு அமைப்புகளும், 'இன்னாரிடமிருந்து வந்தால் இந்தப் பெட்டியில் போடு' என்ற விதிகளும் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும். ஆக, திரையில் ஒரே சாளரத்தில் ஒன்றாகத் தெரிந்த அஞ்சற்பெட்டி டிஸ்க்கில் மூன்று நான்கு துண்டாகச் சிதறியிருக்கிறது. அதில் கடிதம் என்பது ஒரு துண்டு. மற்றதெல்லாம் கடிதத்தைக் காத்துவைக்கும் புரோகிராமின் சொத்து. இடம் மாற்றும்போது வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் முளைக்கின்றன.

கடிதத்தை முதலில் பார்ப்போம். அது வியக்கத்தக்க அளவு கெட்டியான பொருள்.

1971இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலக் கேம்பிரிட்ஜ் நகரில், பிபிஎன் நிறுவனத்தில், அருகருகே நின்ற இரண்டு கணினிகளுக்கு இடையே ரே டாம்லின்சன் வலைவழி அஞ்சலை அனுப்பிப் பார்த்தார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க @ குறியைத் தேர்ந்தவரும் அவரே. அதன்பின் பத்தாண்டுகள் பலவிதச் சோதனைகள் நடந்தன. 1982 ஆகஸ்டில் இரண்டு ஆவணங்கள் வெளிவந்தன. ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821, கடிதத்தை ஒரு கணினி இன்னொன்றிடம் எப்படிக் கைமாற்றுவது என்று வகுத்தது. டேவிட் கிராக்கரின் ஆர்எஃப்சி 822, கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்தது. 2001இலும் 2008இலும் அது திருத்தப்பட்டாலும் எலும்புக்கூடு மாறவில்லை. மேலே தலைப்பு வரிகள்: அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள், அந்தக் கடிதத்துக்கே உரிய ஓர் அடையாள எண். அடுத்து ஒரு வெற்று வரி. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் செய்தி. முழுக்கவும் சாதாரண எழுத்துகள். 1983இல் எழுதப்பட்ட ஒரு கடிதக் கோப்பை இன்றைய எந்த எடிட்டரில் திறந்தாலும் படிக்கலாம். கணினித் துறையில் இவ்வளவு வயதான, இன்னும் நடமாடும் கோப்பு வடிவம் அதிகமில்லை.

அந்தக் கெட்டித்தன்மைக்குக் கொடுத்த விலை ஒன்று உண்டு. அன்றைய அஞ்சல் வழிகள் ஓர் எழுத்துக்கு 7 பிட் மட்டுமே கடத்தும் என்று உறுதியளித்தன. 128 குறிகள். ஆங்கிலத்துக்கு அது போதும், பிரெஞ்சுக்கே போதாது. படம், ஒலி, தமிழ் எதுவும் நேரடியாகப் போகாது. 1992இல் நத்தேனியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வகுத்த 'மைம்' முறை இதற்கு வழி கண்டது. வழியை அகலப்படுத்தாமல், போகிற பொருளை எழுத்தாக மாற்றியது அது. மூன்று பைட்டை எடுத்து நான்கு சாதாரண எழுத்தாக விரிப்பது 'பேஸ் 64'. உங்கள் 3 மெகாபைட் புகைப்படம் கடிதத்தில் ஏறும்போது 4 மெகாபைட்டுக்கும் சற்று மேலாகப் பருப்பது இதனால்தான். இன்றைக்கும் அப்படித்தான். பழைய அஞ்சற்பெட்டி எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தால் திகைக்க வேண்டாம். அதில் கால் பங்கு இந்த விரிப்பின் காற்று.

கடிதம் இவ்வளவு எளிமையானது என்றால், அதைச் சேமிக்கவும் எளிமையான வழி இருக்க வேண்டுமே? இருந்தது. யூனிக்ஸில் 1970களிலேயே வழக்கத்தில் வந்த 'எம்பாக்ஸ்'. வீட்டு உத்திரத்தில் தொங்கும் கொக்கிக் கம்பியில் கடிதங்களையும் ரசீதுகளையும் வந்த வரிசையில் குத்திவைப்போமே, அதே முறை. ஒரே கோப்பு, புதிய கடிதம் வந்தால் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். ஒரு கடிதம் முடிந்து இன்னொன்று தொடங்குவதை எப்படி அறிவது? 'ஃப்ரம்' என்ற சொல்லும் ஓர் இடைவெளியுமாகத் தொடங்கும் வரி வந்தால் அது புதிய கடிதம். அவ்வளவுதான் விதி.

கடிதத்துக்குள்ளேயே ஒரு வாக்கியம் அந்தச் சொல்லில் தொடங்கினால்? ஆங்கிலத்தில் இது சர்வசாதாரணம். அதனால் சேமிக்கும் நிரல் அப்படிப்பட்ட வரிக்கு முன்னால் > குறி ஒன்றைச் செருகிவிடும். பழைய ஆங்கிலக் கடிதங்களில் காரணமே இல்லாமல் ஒரு வரியின் முன் அந்தக் குறி நிற்பதைப் பார்த்திருந்தால், அது எழுதியவர் கை அல்ல, காப்பாளர் கை. குறியைச் செருக மறந்த மாற்றுநிரல் இன்னும் மோசம்: அந்த வரியில் கடிதம் இரண்டாக முறியும். பின்பாதிக்குத் தலைப்பு வரி கிடையாது, தேதி கிடையாது. தேதி இல்லாததைப் பல நிரல்கள் சுழியம் என்று எடுத்துக்கொள்கின்றன. யூனிக்ஸ் கடிகாரத்தின் சுழியம் 1970 ஜனவரி 1, கிரீனிச் நள்ளிரவு. இந்திய நேரத்தில் காலை 5.30. இடம் மாற்றிய பெட்டியைத் தேதி வரிசையில் அடுக்கி, அடியில் 1970 ஜனவரி 1 காலை ஐந்தரைக்கு வந்ததாக ஏதாவது கடிதம் நிற்கிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை.

இன்னொரு விபத்து வரி முடிவில் நேரும். அஞ்சல் வழியில் ஒவ்வொரு வரியும் இரண்டு குறிகளோடு முடிய வேண்டும் என்பது விதி: வண்டியை இடது ஓரத்துக்குக் கொண்டுவா, தாளை ஒரு வரி ஏற்று. டெலிபிரிண்டர் காலத்துக் கட்டளைகள் இவை. டிஸ்க்கில் வைக்கும்போது விண்டோஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது. யூனிக்ஸ் இரண்டாவதை மட்டும் வைத்தது. மாக் ஓஎஸ் 9 வரையிலான பழைய மேக்கின்டாஷ் முதலாவதை மட்டும். பழைய மேக்கின் கடிதக் கோப்பை லினக்ஸுக்குக் கொண்டுவந்து திறந்தால், ஆயிரம் கடிதமும் ஒரே நீண்ட வரியாகத் தெரியும். வரித் தொடக்கத்தில் 'ஃப்ரம்' தேடும் நிரலுக்கு ஒரு கடிதத்துக்குமேல் கிடைக்காது. ஒரு பைட்கூட இழப்பில்லை, ஆனாலும் பெட்டி காலி. ஒரே ஒரு மாற்றுக் கட்டளையில் சரியாகும் நோய் இது. காரணம் தெரியாதவர் கோப்பு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்.

கம்பி முறையை எல்லாரும் அப்படியே வைத்துக்கொள்ளாததற்கு டிஸ்க்கின் இயல்பு காரணம். 1990களின் நடுவில் வீட்டுக் கணினிகள் ஃபேட் 16 முறையில் டிஸ்க்கைப் பிரித்தன. 2 ஜிகாபைட் பகுதி என்றால் அதில் மிகச் சிறிய துண்டே 32 கிலோபைட். 2 கிலோபைட் கடிதத்தைத் தனிக் கோப்பாக வைத்தால் அது 32 கிலோபைட் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பத்தாயிரம் கடிதம் 20 மெகாபைட்டில் அடங்க வேண்டியது, 300 மெகாபைட்டைத் தின்றுவிடும். ஆகவே கடிதத்துக்கொரு கோப்பு என்ற பேச்சே எழவில்லை. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடு, ஆனால் தேட வேகமாக இருக்கும்படி உள்ளே ஓர் அட்டவணையும் வை. அவுட்லுக் எக்ஸ்பிரஸின் டிபிஎக்ஸ் கோப்பு இப்படிப் பிறந்தது. இன்பாக்ஸுக்கு ஒன்று, அனுப்பியவற்றுக்கு ஒன்று என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கோப்பு. உள்ளே கடிதம் 512 பைட் துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டின் தலையிலும் அடுத்த துண்டு எங்கே என்ற முகவரியோடு சங்கிலியாகக் கிடக்கும். துண்டுகளைக் கோத்துவிட்டால் 822 காலத்துக் கடிதம் ஓர் எழுத்து மாறாமல் வெளியே வரும். விண்டோஸின் துணையே இல்லாமல் லினக்ஸில் இந்த வேலையைச் செய்யும் இலவச நிரல்கள் இருப்பதற்கும் இதுவே காரணம்.

டிபிஎக்ஸுக்கு இரண்டு கண்டங்கள் இருந்தன. கோப்பின் நீளத்தை 32 பிட் எண்ணால் அளந்து, அதில் ஒரு பிட்டைக் கூட்டல் கழித்தல் குறிக்கு விட்டால் மிஞ்சுவது 31 பிட். அதில் எண்ணக்கூடியது 2,14,74,83,648 பைட், அதாவது 2 ஜிகாபைட். பெட்டி அந்த அளவை நெருங்கினால் திறக்காமல் போகும். மற்றது, அழித்த கடிதங்களின் இடத்தைச் சுருக்கும் வேலை. எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்குக்குப் பிறகு, நிரலை நூறு முறை மூடியதும் 'சுருக்கலாமா?' என்று அது கேட்கும். சுருக்குவது என்றால் கோப்பு முழுவதையும் புதிதாக எழுதுவது. நடுவில் மின்சாரம் போனாலோ பொறுமை போனாலோ பெட்டி காலியாகிவிடும். நமது ஊர்களின் மின்வெட்டுக் காலத்தில் இது எத்தனை பெட்டிகளை விழுங்கியிருக்கும் என்று யார் கண்டது. பழைய கோப்பின் நகல் ஒன்று குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும். அதைத் தேடிப் பார்க்கத் தெரிந்தவர்கள் பிழைத்தார்கள்.

டிஸ்க் மலிந்ததும் கணக்கு தலைகீழானது. 2005இல் வந்த மாக் ஓஎஸ் எக்ஸ் 10.4, கணினி முழுவதையும் தேடும் 'ஸ்பாட்லைட்' வசதியோடு வந்தது. தேடல் கருவிக்கு ஒவ்வொரு கடிதமும் தனிக் கோப்பாக இருந்தால்தான் வசதி. ஆப்பிள் மெயில் அதுவரை வைத்திருந்த எம்பாக்ஸை விட்டுவிட்டு, கடிதத்துக்கொரு 'ஈஎம்எல்எக்ஸ்' கோப்பு என்று மாறியது. முதல் வரியில் கடிதத்தின் நீளம், அடுத்து மூலக் கடிதம், அடியில் படித்தாயிற்றா இல்லையா போன்ற ஆப்பிளின் சொந்தக் குறிப்புகள். தலையையும் வாலையும் நறுக்கினால் மீதி சுத்தமான கடிதம். விஸ்டாவோடு வந்த விண்டோஸ் மெயிலும் இதே பாதையில் நடந்தது. லினக்ஸ் சர்வர்களில் டேனியல் பெர்ன்ஸ்டைனின் 'மெயில்டிர்' முறை அதற்கு முன்பே கடிதத்துக்கொரு கோப்பு வைத்தது. படித்த கடிதம் என்றால் கோப்பின் பெயரிலேயே ஒரு முக்காற்புள்ளி போட்டு, 2 என்றும் எஸ் என்றும் எழுதிவிடும். அழகான ஏற்பாடு. ஆனால் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி வருவதை விண்டோஸ் அனுமதிப்பதில்லை. மெயில்டிர் பெட்டியை விண்டோஸ் டிஸ்க்குக்கு நகலெடுக்கிறவர், படித்த கடிதங்கள் ஒன்றுகூட ஏறவில்லை, படிக்காதவை மட்டும் ஏறின என்ற விசித்திரத்தைச் சந்திக்க நேரும்.

இந்தக் காப்பாளர்கள் எல்லாருமே ஒரு விஷயத்தில் நாணயமானவர்கள். கடிதத்தை வந்தபடியே வைத்திருந்தார்கள். பெயரில் பங்காளிபோலத் தோன்றினாலும் அவுட்லுக் அப்படியில்லை. ஆஃபீஸ் தொகுப்பில் வரும் அந்த நிரல், கடிதம் வந்ததும் அதைப் பிரித்துப்போட்டுவிடும். பொருள் ஒரு பண்பு, அனுப்புநர் ஒரு பண்பு, உடல் ஒரு பண்பு, ஒவ்வோர் இணைப்பும் ஒரு பொருள் என்று தன் பிஎஸ்டி கோப்பின் மரக்கிளைகளில் மாட்டிவைக்கும். வந்த உருவம் அதோடு முடிந்தது. பிற்பாடு வேறொரு நிரலுக்கு ஏற்றுமதி செய்யும்போது, பண்புகளைக் கோத்துக் கடிதம் புதிதாக எழுதப்படுகிறது. படிப்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் அனுப்பிய சர்வர் இட்ட டிஜிட்டல் கையொப்பம் ஒன்று கடிதத்தில் இருந்தால், அதைச் சரிபார்க்க இனி வழியில்லை. ஒரு வரி மடிப்பு மாறினாலும் கணக்கு ஒத்துவராது. அலுவலக எக்ஸ்சேஞ்ச் சர்வரில் உள்ளுக்குள் நடந்த கடிதப் போக்குவரத்தில் இன்னொரு வேடிக்கை: அனுப்புநரின் இடத்தில் @ முகவரிக்குப் பதிலாக, சாய்கோடும் சமக்குறியுமாக நீளும் சர்வரின் உட்பெயர் இருக்கும். அந்த சர்வர் இருக்கும்வரை அது ஆளைக் காட்டும். வெளியே வந்த பிறகு அதை வைத்து யாருக்கும் பதில் போட முடியாது.

பிஎஸ்டியின் பழைய வடிவத்துக்கும் அதே 2 ஜிகாபைட் கண்டம். 2003ஆம் ஆண்டுப் பதிப்பு யூனிகோட் வடிவத்தைக் கொண்டுவந்து எல்லையைத் தூக்கியது. மைக்ரோசாஃப்ட் அதன் உள்ளமைப்பை 2010இல் வெளியிட்டது. அதற்கு முன் இருந்த மாற்றுநிரல்கள் எல்லாம், பிறர் பைட்பைட்டாகத் துருவிக் கண்டுபிடித்ததை வைத்து எழுதப்பட்டவை. பிஎஸ்டிக்குக் கடவுச்சொல் போட்டு மறந்துவிட்டேன் என்று கலங்குகிறவர்களுக்கு ஓர் ஆறுதல்: அந்தக் கடவுச்சொல் கடிதங்களைப் பூட்டுவதே இல்லை. 32 பிட் சரிபார்ப்பு எண்ணாக ஓரத்தில் கிடக்கும். அவுட்லுக் அதைப் பார்த்து மரியாதையாக நின்றுவிடும். லினக்ஸின் 'ரீட்பிஎஸ்டி' அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ரகசியம் காக்க அதை நம்பியிருந்தவர்களுக்கு இது ஆறுதல் அல்ல என்பதும் உண்மை.

யூடோராவையும் விட்டுவிடக் கூடாது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் 1988இல் எழுதிய நிரல். பிறகு குவால்காம் எடுத்து நடத்தியது. கடிதங்களை ஏறத்தாழ எம்பாக்ஸ் முறையில்தான் வைத்தது, பிரிப்பு வரியில் அனுப்புநர் இருக்க வேண்டிய இடத்தில் ???@??? என்று போட்டுக்கொண்டு. சிக்கல் இணைப்புகளில். கடிதம் வந்ததும் இணைப்பைக் கழற்றி வேறொரு கோப்புறையில் போட்டுவிட்டு, கடிதத்தின் அடியில் 'இணைப்பு மாற்றப்பட்டது' என்று அந்தக் கோப்புக்கான முழுப் பாதையைச் சி டிரைவிலிருந்து எழுதிவைக்கும். புதிய கணினியில் அந்தப் பாதை இருக்காது. லினக்ஸில் சி டிரைவே இல்லை. கடிதங்களை மட்டும் கொண்டுவந்தவர் வெறும் முகவரிச் சீட்டுகளைக் கொண்டுவந்திருப்பார்.

தமிழில் எழுதப்பட்ட பழைய கடிதங்களுக்கு இவை அத்தனைக்கும் மேல் ஒரு சோதனை உண்டு. விண்டோஸ் 2000 வரும்வரை விண்டோஸில் தமிழ் யூனிகோடுக்கு இயல்பான ஆதரவு இல்லை. அதற்கு முன்பும், பின்பு பல ஆண்டுகளும், தமிழ்க் கடிதம் என்பது எழுத்துருவின் தயவில் நின்றது. மயிலை, டிஸ்கி, 1999இல் தமிழக அரசு அறிவித்த டாம், டாப், இலங்கையிலும் புலம்பெயர்ந்தவர்களிடமும் பரவலாக இருந்த பாமினி. பாமினியில் 'அம்மா' என்று எழுதினால் கோப்பில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலம். 7 பிட்டுக்குள் அடங்கிவிடுவதால் எந்த அஞ்சல் வழியிலும் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தது என்பதை அதன் பெருமையாகச் சொல்ல வேண்டும். டிஸ்கி தமிழை 128க்கு மேலுள்ள எண்களில் வைத்தது. எனவே ஆங்கிலத்தையும் தமிழையும் ஒரே கடிதத்தில் கலக்கலாம். ஆனால் கடிதத்தின் தலைப்பு வரியில் 'இது மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம்' என்று அன்றைய நிரல்கள் எழுதிவைத்தன. புதிய இயங்குதளம் அதை நம்பி, தமிழை மேலே கொம்பும் குடையும் முளைத்த லத்தீன் எழுத்துகளாகக் காட்டுகிறது.

இங்கே பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைப் பற்றிய குறிப்புதான் பொய். ஆகவே கடிதத்தைத் திருத்தத் துடிக்கக் கூடாது. 'யூனிகோடாகச் சேமி' என்று எடிட்டரில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டால், பொய்யான லத்தீன் எழுத்துகள் நிஜமான லத்தீன் எழுத்துகளாக உறைந்துவிடும். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு, நகலை மட்டும் டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அந்த மாற்றமும் எண்ணுக்கு எண் பதிலிடுவது அல்ல. 'கொ' என்பதை டிஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைக்கும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோட் ஒலிக்கும் வரிசையில் வைக்கும்: முதலில் க, பிறகு ஒகரக் குறி. மாற்றுநிரல் ஒவ்வொரு கொம்பையும் எடுத்து அடுத்த மெய்க்குப் பின்னால் வைத்து, பின்னே கால் வருகிறதா என்று பார்த்து இணைக்க வேண்டும். கடிதத்தின் நடுவில் வரி உடைந்து, கொம்பு ஒரு வரியிலும் க அடுத்த வரியிலும் இருந்தால் பல மாற்றுநிரல்கள் தடுமாறும்.

யூனிகோடில் வந்த பிற்காலக் கடிதங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மூலத்தைத் திறந்து பார்த்தால் வேறொரு வேடிக்கை தெரியும். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். பேஸ் 64 மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கும். ஆகவே ஒரு குறிக்குச் சரியாக நான்கு எழுத்து. தமிழ்க் குறிகளின் முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது பைட்டின் முன்பாதியும் ஒன்றே என்பதால், அந்த நான்கில் முதல் இரண்டு எப்போதும் எண் 4, எழுத்து கே. 'அ' என்றால் 4, கே, 6, எஃப். முதல் இடைவெளி வந்து ஒரு பைட் தள்ளிப்போகும்வரை இந்த ஒழுங்கு மாறாது. பழைய கோப்பொன்றில் புரியாத எழுத்துக் குவியலுக்குள் 4கே, 4கே என்று திரும்பத் திரும்ப வந்தால் அது தமிழ், மாற்றாமலே கண்டுபிடித்துவிடலாம்.

சரி, எப்படித்தான் கொண்டுபோவது?

பழைய கணினி இன்னும் ஓடுகிறது என்றால், மாற்றும் வேலையைப் பழைய கணினியிலேயே செய்வதுதான் என் கட்சி. பூட்டையும் சாவியையும் ஒன்றாக வைத்திருக்கிறவரிடமே திறக்கச் சொல்வது எளிது. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் இருக்கும் எக்ஸ்பியிலேயே தண்டர்பேர்டின் பழைய பதிப்பு ஒன்றை நிறுவலாம். எக்ஸ்பியில் ஓடும் கடைசி வரிசை 52. அதன் இறக்குமதிக் கட்டளை டிபிஎக்ஸ் பெட்டிகளை எம்பாக்ஸாக்கிவிடும். பிறகு அந்த எம்பாக்ஸ் கோப்புகளை மட்டும் எடுத்துப் புதிய கணினியின் தண்டர்பேர்டில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' கோப்புறைக்குள் போட வேண்டும். அமைப்புக் கோப்பையும் சேர்த்து முழு புரொஃபைலையும் தூக்கிச் சென்றால், அதற்குள் எழுதியிருக்கும் சி டிரைவ் பாதைகள் லினக்ஸில் முறைத்துக்கொண்டு நிற்கும். கூடவே கிடக்கும் 'எம்எஸ்எஃப்' கோப்புகள் வெறும் அட்டவணை. விட்டுவிட்டால் புதியதாகத் தானே எழுதிக்கொள்ளும். லினக்ஸிலும் தண்டர்பேர்ட் தன் கோப்புறையின் பெயரைப் புள்ளியில் தொடங்கி மறைத்துத்தான் வைக்கிறது. இந்த விஷயத்தில் எந்த இயங்குதளமும் திருந்தவில்லை.

ஐமேப் சர்வர் வழியே ஏற்றி இறக்குவது இன்னொரு வழி. 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் வகுத்த முறை அது. கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும், நிரல் எட்டிப்பார்க்கும். வீட்டுப் பயனர்களில் பெரும்பாலோர் அன்று பயன்படுத்தியது பாப் முறை: இறக்கிக்கொள், சர்வரில் அழி. வேறு வழியும் இல்லை. ஹாட்மெயில் போன்ற இலவசப் பெட்டிகளே 2 மெகாபைட்தான் கொடுத்தன. 2004 ஏப்ரலில் ஜிமெயில் 1 ஜிகாபைட் தருவதாகச் சொன்னபோது பலர் அதை முட்டாள்கள் தின வேடிக்கை என்று நினைத்தார்கள். இந்தியாவில் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது 1995 ஆகஸ்ட் 15. அங்கிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுக் கடிதங்கள், உலகில் அந்த ஒரு ஹார்டு டிஸ்க்கைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. அவற்றை ஐமேப் கணக்கொன்றின் பெட்டிக்குள் மவுஸால் இழுத்துப் போட்டால் சர்வருக்கு ஏறும். புதிய கணினி எந்த இயங்குதளமானாலும் அங்கிருந்து பார்க்கலாம்.

இதில் தேதி ஒரு கண்ணி. கடிதத்தின் தலைப்பில் எழுதிய தேதி ஒன்று. சர்வர் தன் கணக்குக்கு வைத்துக்கொள்ளும் வரவுத் தேதி வேறொன்று. ஏற்றும் நிரல் வரவுத் தேதியைச் சொல்லாவிட்டால் சர்வர் இன்றைய தேதியைப் போட்டுவிடும். 1998இல் வந்த கடிதம் இன்று வந்ததாக மேலே வந்து உட்காரும். மூலத் தேதி உள்ளே அழியாமல் இருக்கிறது. நிரலில் 'வரவு' என்பதற்குப் பதில் 'தேதி' வரிசையில் அடுக்கச் சொன்னால் ஒழுங்காகிவிடும். ஏற்றம் நடுவில் அறுந்து மறுபடி தொடங்கினால் இரட்டைகள் சேரும். கடிதத்தின் அடையாள எண்ணை ஒப்பிட்டு இரட்டைகளை நீக்கும் துணைநிரல்கள் உண்டு. ஜிமெயிலுக்குள் ஏற்றுகிறவர்கள் அங்கே கோப்புறை இல்லை, சீட்டு ஒட்டும் முறைதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மூன்று சீட்டு ஒட்டிய ஒரு கடிதம், ஐமேப் வழியே திரும்பி இறங்கும்போது மூன்று கடிதமாக இறங்கும்.

கணினியே எழவில்லை என்றாலும் கதை முடிந்துவிடாது. டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பியோடு இணைக்கும் அடாப்டரில் மாட்டலாம். 2003 வாக்கில் சாட்டா பரவுவதற்கு முந்திய டிஸ்க் என்றால் 40 ஊசி ஐடிஇ இணைப்பு கொண்ட அடாப்டராகப் பார்த்து வாங்க வேண்டும். புதிய விண்டோஸில் அதைத் திறந்தால் பழைய பயனரின் கோப்புறைக்கு 'அனுமதி இல்லை' என்று வரக்கூடும். லினக்ஸில் திறந்தால் பெரும்பாலும் அந்தக் கேள்வியே எழாது. பழைய விண்டோஸின் அனுமதிப் பட்டியலை அது பொருட்படுத்துவதில்லை. எடுத்த கோப்பைப் பென்டிரைவில் போடும்போது இடமிருந்தும் ஏறவில்லை என்றால், பென்டிரைவ் ஃபேட் 32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். 4 ஜிகாபைட்டை எட்டும் ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் ஏறும். அந்நாளில் சிடியில் எழுதிவைத்த பேக்கப்பிலிருந்து எடுக்கிறவர்கள், கோப்புகள் 'படிக்க மட்டும்' என்ற முத்திரையோடு வருவதைப் பார்ப்பார்கள். திறந்த கையோடு தன் அட்டவணையைத் திருத்தி எழுத நினைக்கும் நிரல் அங்கே முறுக்கிக்கொள்ளும். முத்திரையை நீக்கிவிட்டுத் திறக்க வேண்டும்.

எதைக் கொண்டுபோனாலும் வராத ஒரு வகை உண்டு. பிஜிபி முறையிலோ எஸ்-மைம் முறையிலோ மறையாக்கம் செய்யப்பட்ட கடிதங்கள். இவை பிஎஸ்டியின் ஒப்புக்குப் போட்ட கடவுச்சொல்போல அல்ல; உண்மையான பூட்டு. இதற்கான தனிச்சாவி கடிதத்தோடும் இருக்காது, அஞ்சற்பெட்டியோடும் இருக்காது. எஸ்-மைம் என்றால் விண்டோஸின் சான்றிதழ்க் கிடங்கில் இருக்கும். பிஜிபி என்றால் தனிச் சாவிக் கோப்பாக இருக்கும். பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே அவற்றைத் தனியே ஏற்றுமதி செய்துவிட வேண்டும். மின்னஞ்சலைப் பத்திரமாகப் பெயர்த்தெடுத்துவிட்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்தவருக்கு, எண்ணிக்கை சரியாக இருக்கும், தேதி சரியாக இருக்கும், திறந்தால் பேஸ் 64 எழுத்துகள் மட்டும் பக்கம்பக்கமாக ஓடும்.